கருப்பில் நீலம்

ஜூன் 11, ஞாயிறு

விஸ்வநாத் காரில் வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனார், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர். உள்ளே கேட்டலினா மாடல், ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளாக. தண்ணீரிலும் இறங்கும் விமானம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு என்றாலும் இறக்கை மட்டும் இரண்டடிக்கு மேல் வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் இதை முழுக்கக் கருப்படித்து, பசிபிக் கடல்மேல் இரவில் பறக்கவிட்டார்கள். அந்தக் கருப்புதான் வேண்டும் என்கிறார்.

"செப்டம்பர் கடைசில பெங்களூர்ல மாடல் போட்டிங்ணா. இந்தத் தடவ முதல் பரிசு வாங்கியே ஆகோணும். கருப்புன்னா உங்க கைதான்."

என் கை, அவர் பரிசு. ஆறு வருடத்தில் பதினொரு விமானம் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாம் திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். இதுவரை வாங்கிய நான்கு சான்றிதழிலும் அவர் பெயர்.

முப்பத்தொரு வருடம் பம்புசெட் கம்பெனியில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசராக இருந்தேன். எத்தனை ஆயிரம் பம்பு என் கையால் பச்சையாகிப் போயிருக்கும். அவற்றிலும் என் பெயர் இல்லை. பழகிப்போனதுதான். ஆனாலும் பித்தளைத் தகட்டைப் பார்க்கிறபோது வாய் கசக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

உடலை ஒட்டி, மூட்டுகளில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு முடித்தேன். மேலே முதலில் நீலச்சாம்பல் அடித்திருக்கிறேன். அசல் விமானங்களும் முதலில் அந்த நிறத்தில்தான் இருந்தன. அதன் மேலேயே கருப்பை அடித்தார்கள். கருப்பு தேய்ந்த இடத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அரிசி தீர்ந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்து ரங்கநாயகி சொன்னாள். போய் வாங்கி வந்தேன். கேஸ்காரன் வரவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

கருப்பு கலக்கினேன்.

பாட்டிலில் வரும் கருப்பை அப்படியே அடித்தால் விமானம் பொம்மையாகிவிடும். சின்ன உருவத்துக்குக் கருப்பைக் கொஞ்சம் வெளுக்க வைக்க வேண்டும். வெயில் படும் மேல்பக்கத்துக்குப் பழுப்புச் சாய்ந்த கருப்பு, நிழல் விழும் கீழ்ப்பக்கத்துக்கு நீலம் சாய்ந்த கருப்பு, மூட்டுகளில் ஆழமான கருப்பு. ஒரே விமானத்தில் ஏழெட்டுக் கருப்பு. பார்ப்பவனுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கண் அதில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். சாதாரணக் கைக்கு இது வராது.

மூன்று ஐஸ்கிரீம் ஸ்பூனில் மூன்று கலவை அடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். தம்பி உடனே கூப்பிட்டார்.

"அண்ணா, மூணும் ஒரே பிரௌனா இருக்குதுங்களே."

அவர் செல்போன் சரியில்லை. எங்கள் ட்யூப்லைட்டும் சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

ட்யூப்லைட் மாற்றியாயிற்று. மறுபடி மூன்று ஸ்பூன். சன்னலோரம் காய வைத்திருந்தேன். ரங்கநாயகி கறிவேப்பிலை உருவிக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது மூணும் ஒரே பாட்டில்ல எடுத்ததுங்களா?"

"மூணும் வேற வேற."

"அப்படீங்களா." ஒன்றைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பினாள். "இது கொஞ்சம் சிவப்பு அடிக்குது. மத்த ரெண்டும் அதே சிவப்புதான், கொஞ்சம் கம்மி. நீலம் எதுலயும் இல்லீங்க."

"ரசம் கொதிக்குது, போய்ப் பாரு" என்றேன்.

கல்யாணமான புதிதில் இவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தாள். துணியைச் சாயத்தில் முக்கி, வாடிக்கையாளர் கொடுத்த துண்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை. ஏழு வருடம். 2002-ல் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது நீண்ட லீவு போட்டாள், அப்புறம் போகவில்லை. துணியில் ஏறுகிற சாயம் வேறு, பெயின்ட் வேறு. அது அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 13, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூலை 17, திங்கள்

நேற்று கலக்கிய கருப்பு நேற்றுச் சரியில்லை. இன்று காலை ஸ்பூனில் அடித்துப் படம் அனுப்பினேன். "அண்ணா, இதுதாங்ணா, இதேதான்" என்று எழுதியிருக்கிறார் தம்பி. பெயின்ட் என்றால் ஒரு ராத்திரி ஊற வேண்டும். நிறம் தானாக அமைந்துவிடும்.

பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது. நான் அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை.

ஜூலை 21, வெள்ளி

சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்திருந்தேன். தூங்கவில்லை. ரங்கநாயகி மேசைக்கு வந்தாள். பாட்டிலைத் திறந்து, பல்குத்தும் குச்சியில் நீலம் ஒரு சொட்டு தொட்டுக் கலக்கினாள். ஸ்பூனில் தடவி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வடக்குச் சுவர் நிழலில் நின்று, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து இன்னும் அரைச் சொட்டு. அப்புறம் மூடியை இறுக்கி, பாட்டிலை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்தபின் காபி கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 30, ஞாயிறு

டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

கண்ணுக்குள் அழுத்தம். இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டிருக்கிறது, வலதில் அதிகம். கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. "இருட்டான நிறங்களுக்குள்ள வித்தியாசம் பிடிபடாது. மாடிப்படி இறங்கும்போது பாத்து இறங்குங்க" என்றார் டாக்டர். அவர் என் மகன் வயது இருப்பார், எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால். ஆஸ்பத்திரிக்கு வந்த ரங்கநாயகியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் சொட்டு மருந்து டப்பாவுக்குள் இருக்கிற காகிதத்தை அவள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இன்று காற்றில் பெயின்ட் பீச்சும் ஏர்பிரஷ் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தேன். "எனக்குத் தோள்பட்டை வலிக்குது, கொஞ்சம் பிடி" என்றேன்.

"எப்படிங்க பிடிக்கோணும்?" என்று கேட்டாள். காட்டினேன். அரைமணி நேரம் பழைய செய்தித்தாளில் கோடு இழுத்துப் பழகினாள். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி என் கைக்குத் திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. பக்கத்து வீடுகளில் எல்லாம் நோம்பி. எங்கள் வீட்டில் காலையிலிருந்து கம்ப்ரஸர் சத்தம்.

ரங்கநாயகி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறாள். முதலில் விமானத்தின் மேல்தோலில் கோடு பிரித்த ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் வெளுத்த கருப்பு, ஓரத்தில் ஆழக் கருப்பு. நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே அடித்தவள் நிறுத்தினாள்.

"எல்லாக் கட்டத்துக்கும் நடுவுல ஒரே மாதிரி வெளுத்திருந்தா இட்லித்தட்டு மாதிரி இருக்குதுங்க. மழ வெயிலு கட்டம் பாத்தா அடிக்கும்?"

"பின்ன?"

"சபரிமலைக்கு மாலை போட்டவங்க வேட்டியப் பாருங்க. கருப்பு வேட்டி நாப்பத்தொரு நாள்ல வெளுக்கறது ஒரு ஒழுங்கில்லாம. உக்கார்ற எடம் வேற மாதிரி, தோள்ல போட்ட துண்டு வேற மாதிரி. மலிவுச் சாயம் செவந்து போகும். நல்ல சாயம் பச்சை காட்டும்."

அப்புறம் என்னைக் கேட்கவில்லை. அவள் இஷ்டத்துக்கு அடித்தாள்.

சாயங்காலம் விஸ்வநாத் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார். "அண்ணா, இது உங்க மத்த பதினொண்ணு மாதிரி இல்லையே. இது வேற கை மாதிரி இருக்குது" என்றார். ஒன்றும் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"நம்ம கைதான் தம்பி. வயசாக ஆகப் பக்குவம் வருமில்ல."

"அக்காவுக்கும் இதுல ஆசையாட்ட இருக்குது. துண்டெல்லாம் கட்டியிருக்காங்க."

"அவளுக்கு இதுல என்ன தெரியும். பிரஷ் கழுவிக் குடுப்பா" என்றேன்.

ரங்கநாயகி காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். டம்ளரை இரண்டு பேருக்கும் முன்னால் வைத்துவிட்டு, "சக்கர போதுங்களா தம்பி?" என்று கேட்டாள். அவள் விரல் நகத்தில் எல்லாம் கருப்பு. தம்பி அதைப் பார்த்தாரா தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கருப்பைத் தேய்க்கிறோம். நீலச்சாம்பலுக்கு மேல் ஹேர் ஸ்பிரே அடித்து, அதன்மேல்தான் கருப்பு ஏறியிருக்கிறது. தண்ணீர் தொட்ட கட்டைப் பிரஷால் தட்டினால் கருப்பு மட்டும் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து வரும். எங்கே தட்டுவது என்பதுதான் வித்தை.

"இதுல ஆளுக எங்கீங்க ஏறுவாங்க?" என்று கேட்டாள். காட்டினேன்.

"பெட்ரோல் எங்க ஊத்துவாங்க?" இறக்கைமேல்.

"ஊத்தறவன் ஷூ போட்டிருப்பானா, வெறுங்காலா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை விமானம் செய்தும் அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. தீவில் வெயில் கொளுத்தியிருக்கும், ஷூதான் போட்டிருப்பான் என்றேன். அவள் இறக்கைமேல் ஒருவன் ஏறி, நடந்து, மண்டியிட்டு, திரும்பி இறங்குகிற பாதையைத் தேய்த்துக் கொண்டுவந்தாள். மண்டியிட்ட இடத்தில் இரண்டு வட்டம். வலது முழங்கால் கொஞ்சம் அதிகம்.

அந்த வட்டங்கள் நீலச்சாம்பல் என்பதால் எனக்குத் தெரிந்தன. கருப்புக்குள் அவள் என்னென்ன செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எஸ்தர் வந்திருந்தாள். ரங்கநாயகியோடு அந்தக் காலத்தில் லேபில் வேலை பார்த்தவள். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். இப்போது திருப்பூரில் சொந்தமாக லேப் நடத்துகிறாளாம், ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்களாம். மேசைமேல் இருந்த விமானத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு ரங்கா இந்தக் கருப்பு கட்டுனது?"

ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றாள்.

"பின்ன. எங்க லேப்புல கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம், அதுக்கே இது வராது." எஸ்தர் உட்கார்ந்தாள். "நீ அப்பவே வந்திருக்கோணும். மேனேஜர் உனக்காக எத்தன நாள் எடத்தக் காலியா வெச்சிருந்தாரு. லேப் இன்சார்ஜ் போஸ்ட்டு."

"எனக்கா?"

"உனக்குத்தான். ரெண்டு தடவ போன் பண்ணினாரே. அண்ணன்தான் எடுத்தாராம். அவ இனி வேலைக்கு வரமாட்டா, அவளுக்கே இஷ்டமில்லைன்னு சொன்னாராம். அப்புறந்தான் அந்த எடத்த எனக்குக் குடுத்தாங்க." எஸ்தர் சிரித்தாள். "அண்ணா, உங்களுக்கு நியாபகம் இருக்குதுங்களா?"

"எத்தனையோ போன் வரும், போகும்" என்றேன்.

எஸ்தர் தட்டிலிருந்து ஒரு பிடி மிக்சரை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். போகும்போது ரங்கநாயகி அவளை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பஸ் ஸ்டாப் நாலு வீடு தள்ளித்தான்.

ஆகஸ்ட் 21, திங்கள்

அந்த போன் விஷயம். அம்மா படுக்கையில் கிடந்தாள். தூக்கி உட்கார வைக்க, துடைக்க, ஆள் வேண்டும். என் நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் தடவை அதனால்தான் சொன்னேன்.

இரண்டாம் தடவை போன் வந்தபோது அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பதவி வந்திருந்தால் அவள் என்னைவிட மேலே போயிருப்பாள். இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இட்லி. தக்காளிச் சட்னி. பேச்சில்லை. சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறாள். இமையைப் பிடிக்கிற விரல் முன்பு மாதிரியேதான் மெதுவாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எஞ்சின் புகை படிகிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கருப்புமேல் புகை கருப்பாகத் தெரியாது, சாம்பலும் பழுப்புமாக வெளிறித் தெரியும். நான் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவளே அப்படித்தான் செய்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மாவப் பாத்துக்க ஆளில்ல. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

பிரஷை நிறுத்தவில்லை. "உங்கம்மாவ ரெண்டு வருசம் தூக்கி இறக்குனேன். அதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்படலீங்க."

"பின்ன என்ன?"

"அவங்க கூப்பிடவே இல்லைன்னு நெனச்சேன். ஏழு வருசம் வேல பாத்தவள, ஒரு போன் போட்டு வர்றியான்னு கேக்கலயேன்னு. அப்பன்னா என்ற கண்ணு அவங்களுக்குப் பத்தலயாட்ட இருக்குது, சும்மா வெச்சிருந்திருக்காங்கன்னு நெனச்சேன். இருவத்தொரு வருசம் அப்படித்தானுங்க நெனச்சிட்டிருந்தேன்."

அவள் கத்தியிருந்தால் எனக்கும் கத்த ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் பேசினாள்.

"இந்த விமானத்த வேணும்னா இப்படியே விட்டுர்லாம். தம்பிகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கறேன்" என்றேன்.

"பாதில விட்டா அசிங்கமா இருக்கும். நான் அசிங்கமா வேல செய்யமாட்டேன்."

செப்டம்பர் 3, ஞாயிறு

முடிந்தது. கடைசி இரண்டு நாள் வால்பக்கம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பார்க்கச் சொல்வாள்.

விஸ்வநாத் வந்து பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். அவள் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

ரங்கநாயகி இன்றிலிருந்து எஸ்தர் லேபுக்குப் போகிறாள். என்னிடம் கேட்கவில்லை, சனிக்கிழமை சொன்னாள். "திங்கக்கெழமைலருந்து திருப்பூர் போறேனுங்க. சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கும்." காலை ஆறு மணிக்குக் கிளம்பியவள் சாயங்காலம் ஏழரைக்கு வந்தாள்.

மத்தியானம் சொட்டு மருந்து நானே விட்டுக்கொண்டேன். மூன்று சொட்டு கன்னத்தில் போய், நாலாவதுதான் கண்ணில் விழுந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு. பெங்களூர்.

லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழியில் ஏதாவது உடைந்தால் ஒட்டுவதற்கு என்று தம்பி என்னையும் காரில் கூட்டி வந்திருந்தார். பெரிய கூடம், எழுபது எண்பது மாடல்கள். எங்கள் கேட்டலினா நடு மேசையில். முன்னால் அட்டையில் விஸ்வநாத் பெயர். வந்தவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். படம் எடுத்தார்கள். நான் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் பசை பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். அறுபது எழுபது வயதிருக்கும், கையில் சின்ன டார்ச். ஓசூர்க்காரராம், நம் பேச்சுதான். கால்மணி நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தம்பியிடம் கேட்டார்.

"இந்த ரிப்பேர் பண்ண இடம். அது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"ரிப்பேர்ங்களா?" என்றார் தம்பி.

"குண்டு பட்ட தகட்ட மாத்திட்டு, வேற டின்னுலருந்து கருப்பு எடுத்து அடிச்ச மாதிரி காட்டியிருக்கீங்களே. பழைய கருப்பு செவந்து கெடக்கு, அந்த ஒரு தகடு மட்டும் நீலக் கருப்பு. பக்கத்துல வந்தாத்தான் தெரியுது. முப்பது வருசமா இந்த மேசைகளப் பாக்கறேன், கருப்புக்குள்ள கருப்ப வெச்சு ஒருத்தரும் இப்படிக் கத சொன்னதில்ல."

தம்பி விழித்தார். "அது, அந்த ரெஃபரன்ஸ் போட்டோல பாத்து..." என்று இழுத்தார்.

நான் எழுந்தேன். ஆறு வருடமாகச் சேர்ந்தது எல்லாம் ஒரே நொடியில் மேலே வந்தது. பதினொரு விமானம், நாலு சான்றிதழ், பித்தளைத் தகடு. "அவரில்லீங்க சார். நான் செஞ்சது. இவரு பேரப் போட்டுக்குவாரு, செய்யறது பூரா நான். குழந்தைவேலு என் பேரு" என்றேன். குரல் பெரிதாகத்தான் வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எங்கள் மேசைப் பக்கம் வந்தார்கள்.

நடுவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். என் கையைப் பிடித்து மேசைப் பக்கம் கூட்டிப்போனார். "வாங்க, வாங்க. இவங்களுக்கெல்லாம் அந்த இடத்தக் காட்டுங்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

சுற்றிலும் இருபது பேர். குனிந்தேன். கருப்பு. இறக்கை கருப்பு, உடல் கருப்பு, வால் கருப்பு. டார்ச் பட்ட இடம் பளபளத்தது, பளபளப்புக்குள்ளும் கருப்பு. பழைய கருப்பு எது, புதிய கருப்பு எது. வால்பக்கம் அவள் நோண்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் இடதா, வலதா. இடது பக்கம் ஒரு தகட்டின்மேல் விரல் வைத்தேன்.

பின்னால் ஒரு பெண் "இந்தப் பக்கம் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னாள்.

நடுவர் டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இதச் செஞ்சது யாரு?" என்றார்.

அவள் பெயர் வாய் வரைக்கும் வந்தது. ஒரு சொல்தான். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அறிவித்தார்கள். செய்தவர் யாரென்று உறுதியாகத் தெரியாததால் அந்த விமானம் போட்டியில் சேராது. முதல் பரிசு ஒரு பச்சை ஹெலிகாப்டருக்கு. தம்பி பெட்டியோடு காரில் ஏறிப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 25, திங்கள்

பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். ரங்கநாயகி ஏழரைக்கு வந்தாள். கால் கழுவிவிட்டு, விளக்குப் பொருத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எஸ்தர் வந்துபோன நாளிலிருந்து அவளாக என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை.

"வலது பக்கம் வாலுக்குக் கீழ ஒரு தகடு மாத்தி வெச்சிருந்தேன். அத யாராச்சும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மொதல்ல அதத்தான் பாத்தாங்க. முப்பது வருசத்துல இப்படி ஒரு வேல பாத்ததில்லைன்னு சொன்னாங்க."

அவள் முகம் மாறியது. இரண்டு மாதமாகக் கூடவே இருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. "நெசமாவா" என்றாள். "அப்ப பரிசு?"

"இல்ல."

"ஏனுங்க?"

"செஞ்சது யாருன்னு கேட்டாங்க. சொல்லல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. எழுந்து போய் நாளைக்கு உடுத்தும் சேலையை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டு, நாலாவது தடவை நன்றாக வந்தது. கேட்டலினாவின் கருப்பு முழுவதையும், அந்தத் தகடு உட்பட, செய்தவர் என் மனைவி என்று எழுதினேன். என் கண் நிலைமையையும் எழுதினேன். பரிசு கேட்கவில்லை, பெயரை மட்டும் பதிவு செய்யும்படி கேட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. ரொம்ப வருடம் கழித்து ஒரு சரியான காரியம் செய்திருக்கிறேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

நேற்று ஒரு நாள் வைத்திருந்து, இன்று காலை அவள் கிளம்பும்போது கடிதத்தை நீட்டினேன். தலையில் கிளிப் குத்திக்கொண்டே வாங்கிப் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள் என்று நினைக்கிறேன். மடித்துத் திரும்பக் கொடுத்தாள்.

"உனக்குச் சந்தோசந்தான?" என்றேன்.

"பேரு தப்பா இருக்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். கு. ரங்கநாயகி என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். "எங்க தப்பு?"

"கு உங்க பேரு. சாயம் பாக்கறப்ப எனக்கு அந்த இனிஷியல் கெடையாது. பழைய லேப்புலயும் மு தான், இப்ப எஸ்தர் குடுத்த கார்டுலயும் மு தான்." செருப்பை மாட்டினாள். "அனுப்பறதுன்னா மாத்தி எழுதி அனுப்புங்க. இல்லாட்டி வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

புதுத் தாள் எடுத்தேன். எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொண்டு வந்தேன். வெறும் மு போட்டால் போதாது, தகப்பனார் பெயரை முழுதாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதப் போய் நிறுத்தினேன். கல்யாணத்தன்று என் கையில் பட்டு வேட்டியும் மோதிரமும் கொடுத்த மனிதர். இருபத்தெட்டு வருடம் மாமா என்றே கூப்பிட்டுவிட்டேன். முத்துசாமியா, முனுசாமியா.

பீரோவில் கல்யாணப் பத்திரிகையைத் தேடினேன். கிடைத்தது. சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்புத் தாள், அதில் ஏதோ இருண்ட நிறத்தில் அச்சு. இன்னும் படிக்க முடியவில்லை. சாயங்காலம் அவள் வரட்டும், கேட்க வேண்டும்.